மிதக்கும் பாறைகளின் காலம்: 1970களின் கனவுலக ஓவியங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

காற்றில் தொங்கும் ஒரு பாறை. அதன் உச்சியில் வளைந்து நிற்கும் ஒற்றை மரம். விளிம்பிலிருந்து கொட்டும் அருவி தரையைத் தொடுவதில்லை, பாதி வழியிலேயே மூடுபனியாகிவிடுகிறது. பின்னால் இரண்டு நிலாக்கள். 1970களிலும் 80களிலும் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை வரைந்தவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். எங்கே பார்த்தோம் என்பது மட்டும் மறந்திருக்காது. அண்ணன் வாங்கி வந்த எல்.பி. இசைத்தட்டின் உறை, பழைய புத்தகக் கடையில் கிடந்த அறிவியல் புனைகதையின் அட்டை, படுக்கையறைச் சுவரில் ஒட்டிய போஸ்டர், கொஞ்ச காலம் கழித்து கம்ப்யூட்டர் கேம் வந்த பெட்டி.

இவற்றின் மேல் அந்தத் தலைமுறைக்கு இருக்கும் பிரியம் இன்னும் வடியவில்லை. அப்போது பிறந்தே இருக்காதவர்களும் இன்று இவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். ‘சின்ன வயசு ஞாபகம்’ என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. அந்தப் படங்கள் உருவான விதத்திலும், அவை ஒரு குழந்தையின் கைக்கு வந்து சேர்ந்த விதத்திலும்தான் பாதிக் காரணம் இருக்கிறது.

எதை இந்த வகை என்கிறோம்?

வாளேந்திய வீரன், கக்கும் தீயோடு டிராகன், மலையுச்சியில் கோட்டை என்று போவது வழக்கமான மாயாஜால ஓவியம். அதில் பெரிய பெயர் அமெரிக்கரான ஃபிராங்க் ஃபிரசெட்டா. எண்ணெய் வண்ணம், முறுக்கிய தசை, தூரிகை இழுத்த தடம் எல்லாம் அதில் தெரியும். நாம் பேசுவது அதன் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி. இதில் வீரன் பெரும்பாலும் இருக்க மாட்டான். நிலப்பரப்புதான் கதாநாயகன். எலும்புபோல் வளர்ந்த கட்டடங்கள், பூச்சியா இயந்திரமா என்று சொல்ல முடியாத உயிர்கள், ஈர்ப்பு விசையை மறந்துவிட்ட கற்கள். ஆனால் வெளிச்சமும் நிழலும் தூரத்து மங்கலும் மட்டும் நம் உலகத்து விதிப்படி கச்சிதமாக இருக்கும். நடக்க முடியாத ஒன்றை நடந்ததுபோலவே வரைவதுதான் இதன் அடிப்படை.

இந்தப் பழக்கம் சர்ரியலிசத்திலிருந்து வந்தது. 1924இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் அறிக்கை வெளியிட்டுத் தொடங்கிய அந்த இயக்கத்தில் ஓவியர்கள் இரண்டு வழியில் போனார்கள். கை போன போக்கில் கோடு, கறை, உரசல் என்று தொடங்கி அதில் உருவம் தேடியவர்கள் ஒரு பக்கம். கனவில் கண்டதைப் புகைப்படம்போல் துல்லியமாக வரைந்தவர்கள் இன்னொரு பக்கம். கனவுலக உறைகளுக்கு நேர் மூதாதையர் இந்த இரண்டாம் பக்கத்தார். பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1959இல், கடலுக்கு மேலே மிதக்கும் மாபெரும் பாறையையும் அதன் உச்சியில் ஒரு கோட்டையையும் வரைந்தார். பின்னாளில் வந்த மிதக்கும் தீவுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உறவு புரிந்துவிடும்.

அருங்காட்சியகத்தில் இருந்ததை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரோஜர் டீன். 1944இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். தந்தை ராணுவத்தில் இருந்ததால் சிறுவயதில் கொஞ்ச காலம் ஹாங்காங்கில் வளர்ந்தார். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் அவர் படித்தது ஓவியமல்ல, மரச்சாமான் வடிவமைப்பு. அந்தப் பயிற்சியைப் படங்களில் கண்கூடாகப் பார்க்கலாம். அவருடைய பாறைகளுக்கும் வீடுகளுக்கும் எடையும் பிடிமானமும் உண்டு, செதுக்கி எடுத்ததுபோல் நிற்கும்.

1971இல் ‘யெஸ்’ என்ற ராக் இசைக்குழுவின் ஃபிராஜைல் தொகுப்புக்கு அவர் வரைந்த உறையில், குட்டிக் கிரகம் ஒன்று முன்பக்கம் முழுதாக இருக்கும், பின்பக்கம் உடைந்துகொண்டிருக்கும். அடுத்த ஆண்டு அதே குழுவுக்கு வரைந்ததில் வெளியே வெறும் பச்சை நிறம்தான், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மெல்ல மாறும். மேலே குழுவின் பெயரும் தொகுப்பின் பெயரும், அவ்வளவே. உறையை விரித்தால்தான் உள்ளே ஏரி. மலை உச்சியில் விளிம்பு வரை தளும்பி நாலா பக்கமும் வழியும் ஏரி. இவ்வளவு நீர் எங்கிருந்து வந்து நிரம்புகிறது என்பதற்குப் படத்தில் விடை இல்லை. பார்க்கும் பிள்ளைக்கு அந்த ஒரு கேள்வி போதும், ஒரு மாலை முழுக்க ஓடிவிடும்.

2009இல் வந்த அவதார் படத்தின் மிதக்கும் மலைகளைப் பார்த்துப் பலருக்கும் டீன் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்தது. 2013இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார், 2014இல் தள்ளுபடியானது. மலை மிதக்கலாம் என்ற யோசனைக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. ஒருவர் அதை வரைந்த குறிப்பிட்ட விதத்துக்குத்தான் உரிமை. இந்த வகையில் புதிதாக வரைய வருகிறவர்களுக்கு இது நல்ல செய்திதான்.

31 சென்டிமீட்டரும் 20 நிமிடமும்

எல்.பி. உறை ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் சதுரம். விரியும் வகை உறையென்றால் அகலம் இரு மடங்கு. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓட ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். பாட்டைத் தாண்டிப் போக வசதியில்லை, கையில் போனும் இல்லை. தரையில் உட்கார்ந்து மடியில் உறையை வைத்துக்கொண்டு கேட்பதுதான் வழக்கம். ஒரே படத்தை 20 நிமிடம் வீதம் பல மாதங்கள் பார்த்தவருக்கு அதன் ஒவ்வொரு பாறை இடுக்கும் மனப்பாடம். அதே ஓவியம் பின்னர் 12 சென்டிமீட்டர் சி.டி. உறைக்குச் சுருங்கியபோது பரப்பு ஏழில் ஒரு பங்கானது. போன் திரையில் இன்று அது கட்டைவிரல் நகம் அளவு. ‘இப்போதெல்லாம் அந்த மாதிரி யார் வரைகிறார்கள்’ என்ற புலம்பலில் பாதி இந்த அளவுக் கணக்கைப் பற்றியது. வரைகிறவர்கள் இருக்கிறார்கள். மடியில் வைத்துப் பார்க்கும் அளவில் படம் கைக்கு வருவதில்லை.

இன்னொன்று, உறைப்படத்துக்கும் பாட்டுக்கும் பெரும்பாலும் நேரடித் தொடர்பு கிடையாது. கதையின் ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒரு காட்சியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு ஓவியர் ஒதுங்கிக்கொண்டார். மிச்சத்தைப் பிள்ளையே கட்டிக்கொண்டது. அது தானே கட்டிய கதை என்பதால் இன்னும் விட மனம் வருவதில்லை.

எப்படி வரைந்தார்கள்?

எல்லோருக்கும் ஒரே முறை இல்லை. மை, நீர்வண்ணம், போஸ்டர் கலர் வகையைச் சேர்ந்த குவாஷ், அக்ரிலிக் என்று கலந்துதான் வேலை செய்தார்கள். ஆனாலும் அந்தக் காலத்தின் முகத்தைத் தீர்மானித்த கருவி ஏர்பிரஷ். கிறிஸ் ஃபாஸின் ராட்சத விண்கலங்களும், எச்.ஆர். கீகரின் எலும்பு இயந்திரங்களும், ஹாஜிமே சொராயாமாவின் பளபளக்கும் ரோபோக்களும் அதிலிருந்து வந்தவை.

கார் பெயின்டிங் ஷெட்டில் இருக்கும் ஸ்பிரே கன்னுக்குப் பேனா அளவில் ஒரு தம்பி பிறந்தால் அதுதான் ஏர்பிரஷ். முனைத் துளை 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர். கம்ப்ரசரில் 15 முதல் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வைத்தால் போதும். ‘டபுள் ஆக்‌ஷன்’ வகையில் விசையைக் கீழே அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். இரண்டும் தனித்தனியாக விரலுக்குக் கட்டுப்படுவதால்தான் ஒரு நிறம் இன்னொன்றாக மாறும் இடம் தெரியாமல் மாற்ற முடிகிறது. தூரிகைத் தடம் துளியும் இருக்காது. மனிதக் கை பட்ட அடையாளம் இல்லாததால், அந்த இடம் எங்கோ நிஜமாகவே இருக்கிறது என்று கண் ஏமாந்துபோகிறது.

மங்கலை மட்டும் வைத்துப் படம் நிற்காது. அதற்கு எதிராகக் கத்தி போன்ற விளிம்பு ஒன்று வேண்டும். அதைத் தருவது மறைப்பு. குறைந்த பசையுள்ள ஒளிபுகும் ஃபிரிஸ்கெட் ஃபிலிமை அட்டை மேல் ஒட்டி, வேண்டிய வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, திறந்த இடத்தில் மட்டும் தெளிப்பார்கள். பனிக்கும் மேகத்துக்கும் கிழித்த காகிதமோ பிய்த்த பஞ்சோ போதும். காகிதத்தை அட்டையில் ஒட்டாமல் 3, 4 மில்லிமீட்டர் உயரத்தில் பிடித்தால் விளிம்பு மெத்தென்று வரும்.

இரண்டு நிலா வானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழவழப்பான கனத்த அட்டையில் காம்பஸால் நிலாக்களை வரையுங்கள். ஃபிலிமை முழுக்க ஒட்டி, வட்டங்களைச் சுற்றி வெட்டுங்கள். இப்போதைக்கு வட்டங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், சுற்றியுள்ள வானத்தை மட்டும் உரியுங்கள். 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, பக்கவாட்டில் போய் வந்து, உச்சியில் கருநீலம், அடிவானம் நெருங்க நெருங்க வெளிறல். கை நகரத் தொடங்கிய பிறகே வண்ணத்தைத் திறக்க வேண்டும், கை நிற்பதற்கு முன்பே மூட வேண்டும். இல்லையென்றால் இரு ஓரத்திலும் இருண்ட திட்டுகள் விழும். ஒரே பூச்சில் அடர்த்தி கொண்டுவர முயலாதீர்கள். எட்டு, பத்து மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

வானம் நன்றாகக் காய்ந்ததும் நட்சத்திரம். கொஞ்சம் கெட்டியான வெள்ளையைப் பழைய டூத் பிரஷ்ஷில் எடுத்து, முதல் இரண்டு தெளிப்பை வேண்டாத தாளில் விட்டுவிடுங்கள், பெரிய சொட்டெல்லாம் அதில் போய்விடும். பிறகு அட்டை மேல் கட்டைவிரலால் வருடினால் சீரற்ற புள்ளிகள் விழும். சீராக விழுந்தால்தான் செயற்கையாகத் தெரியும். வட்டங்கள் இன்னும் மூடியே இருப்பதால் நிலாவுக்குள் புள்ளி விழாது. இது முக்கியம். பிறை நிலாவின் இருண்ட பாதிக்குள் நட்சத்திரம் மின்னும் படங்கள் இன்றும் நிறைய வருகின்றன. இருண்டிருந்தாலும் அங்கே ஒரு பெரிய கல் நின்று பின்னால் இருப்பதை மறைக்கிறது, அதன் வழியே நட்சத்திரம் தெரிய வழியில்லை.

கடைசியில் வானத்தைப் புது ஃபிலிமால் மூடிவிட்டு நிலா வட்டங்களை உரிக்க வேண்டும். வெளிச்சம் வரும் திசைக்கு எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து உள்நோக்கி நிழல் தெளிக்கலாம். இரண்டு நிலாவுக்கும் நிழல் ஒரே பக்கம்தான். சூரியனும் ஒன்றுதானே.

பாறை மிதப்பதாகத் தோன்ற வைப்பது வேறு சூட்சுமம். அடிப்பக்கம் கூம்பிக்கொண்டே போய்த் தரைக்கு முன்னால் முடிந்துவிட்டால் மட்டும் போதாது, வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். பாறையின் அடிக்குப் பின்னால் ஒரு பனிப்பட்டை குறுக்கே போக வேண்டும். கீழே தரையில் அதன் நிழல், பாறையைத் தொடாமல் தள்ளி விழ வேண்டும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் கண் உயரத்தைக் கணக்கிடுகிறது. தூரத்துப் பாறைகள் வெளிறி, நீலம் கூடி, உள் விவரம் குறைந்து போக வேண்டும்.

எங்கே கெடும், ஏன் கெடும்

வண்ணத்தின் பதத்தில்தான் பாதிச் சிக்கல். தூரிகையில் எடுத்துக் கிண்ணத்தின் உள்சுவரில் விட்டால், தங்காமல் வழிந்து பின்னால் ஒரு மெல்லிய படலம் விட வேண்டும். அதைவிடக் கெட்டி என்றால் அழுத்தம் போதாமல் பொரிபொரியாகத் தெறிக்கும். அதைவிடத் தண்ணீர் என்றால், அதுவும் அட்டைக்கு மிக அருகில் பிடித்தால், காற்று ஈர வண்ணத்தைத் தள்ளிச் சிலந்திக்கால்போல் நாலா பக்கமும் ஓடவிடும். சிலந்திக்கால் வந்துவிட்டால் துடைக்காதீர்கள், காயவிட்டு மேலே பூசுங்கள்.

அக்ரிலிக்கில் முனை காய்ந்து அடைப்பது சகஜம். வண்ணம் சட்டென்று நின்று, விசையை மேலும் இழுத்ததும் திடீரென்று குபீரென வரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசி நுனியை ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டால் தப்பிக்கலாம். காரணமே இல்லாமல் தண்ணீர்ப் பொட்டு விழுந்தால் குற்றம் உங்களுடையதல்ல, கம்ப்ரசரில் அழுத்தப்பட்ட காற்றின் ஈரம் குழாயில் தண்ணீராகிவிட்டது. கடலோர ஊர்க் காற்றுக்கு இது இன்னும் அதிகம். ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஈரப்பொறி (மாய்ஸ்ச்சர் டிராப்) ஒன்றைக் குழாயில் மாட்டுவதுதான் தீர்வு.

ஃபிலிம் உரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து வந்தால், அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். அக்ரிலிக் பூச்சு மேல் ஃபிலிம் ஒட்ட ஒரு நாள் பொறுங்கள். குவாஷ் கனமாகப் பூசிய இடத்தில் ஒட்டவே வேண்டாம். கத்தி ஃபிலிமை மட்டும் வெட்ட வேண்டும். அட்டையில் இறங்கினால் அந்தக் கீறலில் மை தேங்கி, கடைசிவரை கருங்கோடாக நிற்கும். அசல் ஓவியங்களை நேரில் பார்க்க வாய்த்தால் இந்தக் கோடுகளைத் தேடிப் பாருங்கள், தேர்ந்தவர்களிடமும் அங்கங்கே இருக்கும். அச்சில் சுருங்கும்போது அவை மறைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தெளிக்கும்போது முகமூடி கட்டாயம். காட்மியம் போன்ற நச்சு நிறமிகள் கலந்த வண்ணங்களை ஏர்பிரஷ்ஷில் ஊற்றவே கூடாது.

கம்ப்யூட்டரில் வரைபவர்களுக்கும் இதே தர்க்கம்தான். மென்மையான வட்டத் தூரிகை ஏர்பிரஷ், தேர்வுக் கருவி ஃபிலிம். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற வரைதல் மென்பொருள் போதும். புதிதாக வரைபவர்களின் படம் ஏன் ‘அந்தக் காலத்து’ உணர்வைத் தருவதில்லை என்றால், பெரும்பாலும் எல்லா இடத்திலும் விவரம் திணித்துவிடுகிறார்கள். பழைய படங்களில் ஃபிலிம் வெட்டும் சிரமத்தாலேயே பாதிப் பரப்பு வெறும் நிறமாற்றமாக விடப்பட்டது, கண்ணுக்கு இளைப்பாற இடம் கிடைத்தது. நான்கைந்து நிறத்தோடு நிறுத்துங்கள். நீண்ட நிறமாற்றம் திரையில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் 2 முதல் 4 சதவீதம் புள்ளி இரைச்சல் (நாய்ஸ்) சேருங்கள்.

பெட்டியும் திரையும்

இசைத்தட்டு ஓயும் நேரத்தில் இந்த ஓவியங்கள் இடம் மாறின. லிவர்பூலில் 1984இல் தொடங்கிய சிக்னோசிஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஆந்தைச் சின்னம் டீன் வரைந்தது, பல பெட்டி அட்டைகளும் அவருடையவையே. அந்தக் கால அமிகா கம்ப்யூட்டர் கேம் ஒன்று, ஏறத்தாழ 320க்கு 200 புள்ளிகளில், வழக்கமாக 32 நிறத்துக்குள் ஓடும். பெட்டி மேல் இருந்த உலகத்தை அந்தத் திரை காட்டியிருக்கவே முடியாது. பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடிய பிள்ளைகள் புள்ளிகளுக்கு நடுவே விட்டுப்போனதைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். ஏமாற்று என்று சொல்பவர்களும் உண்டு. எங்கள் கட்சி, அது நல்ல கூட்டணி.

உளவியலிலும் இதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் சுமார் 10 முதல் 30 வயது வரையிலானவை மற்றவற்றைவிட அதிகமாக வருவது திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விஷயம். உறைப்படங்கள் வந்து சேர்ந்தது சரியாக அந்த வயதில். ஆனால் ஞாபகம் படத்தைத் திருத்தியும் வைத்திருக்கும். பல வருடம் கழித்து உறை கைக்குக் கிடைக்கும்போது ‘வானம் இன்னும் பச்சையாக இருந்ததே’ என்று தோன்றினால் உடனே தன்னைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரே உறை பல நாடுகளில் பல அச்சகங்களில் அச்சாகியிருக்கும், நிறம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

கையில் கிடைத்தால்

பழைய போஸ்டரோ உறையோ வாங்கும்போது 10 மடங்கு லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால ஆஃப்செட் அச்சில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான சிறு பூ வடிவங்களாக அமைந்திருக்கும். தாறுமாறாகத் தூவியதுபோன்ற நுண்புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் வீட்டு இங்க்ஜெட் பிரதி. ‘அசல் 1970களின் போஸ்டர்’ என்று விலை சொன்னால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் சொந்தச் சேமிப்புக்காக ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுக்காதீர்கள். அச்சுப் புள்ளியும் ஸ்கேனர் கட்டமும் மோதி அலையலையான வடிவம் விழும். 600இல் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு பாதியாகச் சுருக்குங்கள். ஏ4 ஸ்கேனரில் எல்.பி. உறை முழுதாக அடங்காது. நான்கு துண்டாக, ஒன்றோடொன்று 3, 4 சென்டிமீட்டர் மேற்படியும்படி எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். தானாக நிறம் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நான்கு துண்டும் நான்கு நிறத்தில் வரும்.

உறைகளைப் படுக்கவைத்து அடுக்கினால் உள்ளிருக்கும் தட்டின் விளிம்பு அழுந்தி, படத்தின் நடுவே வட்டமாகத் தேய்மானம் விழும். நிறுத்தி வையுங்கள், சாய்வு வேண்டாம். பி.வி.சி. கவர் வெயில் காலத்தில் மையோடு ஒட்டிக்கொள்ளும், பாலிபுரோப்பிலீன் கவர் வாங்குங்கள். போஸ்டரை ஜன்னல் வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போய், எந்தக் கிரகமாக இருந்தாலும் கொஞ்ச வருடத்தில் நீலக் கிரகமாகிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் தாமதமாகும், நிற்காது. நல்ல பிரதியை அலமாரியில் வைத்துவிட்டு, சுவருக்கு உரிமம் பெற்ற மறுபதிப்பு ஒன்றை மாட்டுவதே புத்திசாலித்தனம்.